வீட்டு லேப்டாப்பா, ஆபீஸ் லேப்டாப்பா?

நேயர்களுக்கு வணக்கம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்து, "மெக்கானிக் வெளிய போயிருக்காராம்மா?" என்று கேட்பதுண்டு. நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பேன். எந்த லேப்டாப் வாங்கலாம் என்று நேயர்களுக்குச் சொல்லுங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எது எங்கே உடையும் என்று தெரியும். தினமும் கைக்கு வருவது அதுதானே.

போன வைகாசியில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். மஞ்சப்பை. அதற்குள் ஈரிழைத் துண்டு சுற்றி ஒரு லேப்டாப்.

"தாயி, காலேஜ் போற மகளுக்கு வாங்குனது. மூடுனா ஒரு பக்கம் வாயைப் பொளக்குது. பாருங்க."

"கீழ எதுவும் விழுந்துச்சாய்யா?"

"சாமி சத்தியமா விழுகலை. பிள்ளை பூ மாதிரி வச்சிருந்துச்சு. வாங்கி ரெண்டு வருசம் முடியலை."

அவர் சொன்னது உண்மை. ஒரு கீறல் கிடையாது. ஆனால் இடது மூலையில் திரைக்குப் பின்னால் இருக்கிற மூடி விரிந்து, உள்ளே ஒயர் தெரிந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றி மேசையில் கவிழ்த்தேன். மிளகு அளவில் ஒரு பித்தளை வளையம் உருண்டு வந்து விழுந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதான்யா விட்டுப்போச்சு."

அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "அம்பதாயிரம் ரூவா சாமானுக்கு இத்துனூண்டா?"

அந்த இத்துனூண்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

லேப்டாப்பைத் திறந்து மூடுகிற கீலை எங்கள் தொழிலில் ஹிஞ்ச் என்போம். கதவுக் கீல் மாதிரி லொடலொடவென்று ஆடினால் திரை நிற்காது. எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும் என்பதால் அதை இறுக்கமாகத்தான் செய்வார்கள். நீங்கள் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த இறுக்கத்தின் பலம் முழுவதும் நாலைந்து சின்ன ஸ்க்ரூவின் மேல் போய் இறங்குகிறது. அந்த ஸ்க்ரூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் கேள்வி. விலை குறைந்த வீட்டு மாடல்கள் பலவற்றில், பிளாஸ்டிக்கில் ஒரு குட்டித் தூண் இருக்கும். அதற்குள் இந்தப் பித்தளை வளையத்தைச் சூடுபடுத்தி இறக்கியிருப்பார்கள். ஸ்க்ரூ வளையத்தைப் பிடிக்கும், வளையம் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். நாளாக ஆகத் தூசி ஏறி, ஹிஞ்ச் இன்னும் இறுகும். இயந்திரச் சூட்டிலும் நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் பிளாஸ்டிக் தன் வலுவை இழக்கும். ஒருநாள் தூண் விரிசல் விட்டு, வளையம் கையோடு வந்துவிடும். பிள்ளை மூலையைப் பிடித்து ஒரு கையால் திறக்கிற பழக்கம் உள்ளவள் என்றால் இன்னும் சீக்கிரம். இழுவை முழுவதும் ஒரு பக்கத்துக்கே போகும் இல்லையா? நடுவில் பிடித்துத் திறங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள்.

அலுவலகங்களுக்கென்று செய்கிற நல்ல வரிசைகளைத் திறந்தால் காட்சியே வேறு. பெரும்பாலும் மக்னீசியக் கலவையிலோ அலுமினியத்திலோ ஒரு சட்டம் உள்ளே ஓடும். ஹிஞ்ச் அந்த உலோகத்தோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். பெரியவர் வாங்கியதிலும் மூளையாக ஐ5 பிராசஸர், வேலை நேர நினைவகமாக 8 ஜிபி ராம். ஆபீஸ் மாடலிலும் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம். கடையில் ஒட்டியிருக்கிற அட்டையை மட்டும் படித்தால் இரண்டும் அண்ணன் தம்பி. விலை மட்டும் ஆபீஸ் மாடலுக்குக் கூட. "ஒரே சாமானுக்கு ஏன் கூடக் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் வீட்டு மாடலை வாங்குகிறார்கள். அட்டையில் ஹிஞ்சைப் பற்றி எழுதுவதில்லை.

ஏன் இப்படி இரண்டு வகை செய்கிறார்கள்? வாங்குகிறவர் வேறு, அதனால்தான். ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கிற ஆள் ஐந்நூறு லேப்டாப்பை ஒரே மூச்சில் வாங்குவார். கலரை அவர் கேட்க மாட்டார். கீபோர்டு போனால் மாற்ற எத்தனை நிமிஷம்? நாலு வருஷம் கழித்தும் இதே உதிரிபாகம் கிடைக்குமா? ஒருவருடைய சார்ஜர் இன்னொருவருக்குச் சேருமா? இதுதான் கேள்வி. ஐந்நூறில் ஐம்பது ஒரே மாதிரி உடைந்தால் அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று செய்கிறவனுக்கும் தெரியும். நம் வீடுகளில் எப்படி? ஐந்து வருஷத்துக்கு ஒன்று வாங்குவோம். டவுன்ஹால் ரோட்டிலோ பெரிய ஷோரூமிலோ பளபள விளக்குக்குக் கீழே அரைமணி நேரம் பார்ப்போம். அந்த அரைமணியில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதற்குத்தான் லேப்டாப் செய்கிறவர்கள் காசு போடுகிறார்கள். மெல்லிசான உடம்பு, பளிச்சென்ற திரை, பெரிய எண். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாம் கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள்.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்கு இல்லை, கடையில் அடையாளம் தெரிவதற்கு. டெல்லில் இன்ஸ்பிரான் வீட்டுக்கு, லேட்டிட்யூட் ஆபீசுக்கு. எச்.பி.யில் பெவிலியன் வீட்டுக்கு, புரோபுக்கும் எலைட்புக்கும் ஆபீசுக்கு. லெனோவோவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் ஆபீசுக்கு. ஏசஸில் விவோபுக், எக்ஸ்பர்ட்புக். ஏசரில் ஆஸ்பயர், டிராவல்மேட். திங்க்பேட் இதில் மூத்தது. 1992ல் ஐபிஎம் கொண்டுவந்தது. 2005ல் அந்தப் பிரிவையே லெனோவோ வாங்கிக்கொண்டது. கீபோர்டு நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பாக ஒன்று இருக்குமே, அதுதான். ஆனால் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை. 2025 தொடக்கத்தில் டெல் தன் பழைய பெயர்களை ஓரங்கட்டிவிட்டு, ஆபீஸ் வகைக்கு டெல் புரோ என்று பெயர் வைத்தது. பெயர் மாறும், ஹிஞ்ச் மாறாது.

'புரோ' என்ற சொல்லைக் கண்டாலே கொஞ்சம் நிதானமாகுங்கள். இப்போது செருப்பில்கூட புரோ வந்துவிட்டது. இன்னொரு சங்கதி: பிசினஸ் என்ற பெயரிலேயே விலை குறைந்த வரிசைகளும் இருக்கின்றன. சின்னக் கடைக்காரர்களுக்காக என்று சொல்லி விற்பார்கள். சிலவற்றைத் திறந்து பார்த்தால் வீட்டு மாடலின் அதே பிளாஸ்டிக், அதே பித்தளை வளையம். மேலே கருப்புச் சட்டை மட்டும் போட்டிருக்கும். 'மிலிட்டரி கிரேடு' என்று ஒரு ஸ்டிக்கரும் உண்டு. மில்-எஸ்டிடி-810 என்று போட்டிருப்பார்கள். அது அமெரிக்க ராணுவத் துறை எழுதிவைத்த சோதனை முறைகளின் தொகுப்பு. கீழே போடுவது, குலுக்குவது, சூடு, தூசி, ஈரப்பதம் என்று பலவகைச் சோதனை அதில் இருக்கிறது. எந்தச் சோதனை, எவ்வளவு கடுமையாக என்பதைத் தேர்ந்தெடுப்பது லேப்டாப் கம்பெனியேதான். பாஸ் என்று முத்திரை குத்த அரசாங்க அலுவலகம் எதுவும் கிடையாது. ஸ்டிக்கர் பொய் என்று சொல்லவில்லை. எத்தனை சோதனை செய்தார்கள் என்று சேர்த்து எழுதியிருந்தால் நம்பலாம். வெறும் ஸ்டிக்கருக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஜிகர்தண்டா.

சிரிக்காதீர்கள். மதுரையில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு ஜிகர்தண்டா பெரிய எதிரி. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் கணக்கு எழுதுகிற தம்பி ஒருவர், கீபோர்டின் மேல் முழு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தார். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். இதில் பால், நன்னாரி சர்பத், கடல்பாசி, ஐஸ்கிரீம். 'ஏ' எழுத்தைப் பிடுங்கிப் பார்த்தால் கீழே கடல்பாசித் துண்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை காய்ந்து பசையாகி, ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து இறங்குகிறது.

அது ஆபீஸ் மாடல். கீபோர்டுக்குக் கீழே தட்டு மாதிரி ஒரு தடுப்பும், சிந்தியது வழிந்து அடிவழியாக வெளியேற ஓட்டையும் வைத்திருந்தார்கள். எல்லாப் பாகமும் வந்து சேர்கிற தாய் அட்டையான மதர்போர்டு தப்பித்தது. அடிப்பக்கம் இரண்டு ஸ்க்ரூ கழற்றி, கீபோர்டைத் தள்ளி எடுத்து, புதியதைப் போட்டேன். அவர் வாசலில் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. அதே விபத்து வீட்டு மாடலில் நடந்திருந்தால்? தடுப்பும் ஓட்டையும் எல்லாவற்றிலும் இருக்காது, நேராக மதர்போர்டில் இறங்கியிருக்கலாம். மதர்போர்டு பிழைத்தாலும் கீபோர்டை மட்டும் எடுக்க விடமாட்டார்கள். பல மாடல்களில் நாற்பது, ஐம்பது பிளாஸ்டிக் முனைகளை உருக்கி, மேல்மூடியோடு ஒட்டவைத்திருப்பார்கள். நாங்கள் அந்த மேல்மூடியை சி பேனல் என்போம். திரைக்குப் பின்பக்கம் ஏ, திரையைச் சுற்றி பி, கீபோர்டு இருப்பது சி, அடிப்பக்கம் டி. சி பேனலை முழுசாக மாற்ற வேண்டும், அதற்கு மதர்போர்டு முதல் பேட்டரிவரை எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். நாள் போகும், கூலியும் கூடும்.

ஆபீஸ் மாடல் எல்லாமே இரண்டு ஸ்க்ரூவில் கழன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இப்போது வருகிற மெல்லிசு மாடல்களில் அவர்களும் கட்டிப்போட ஆரம்பித்துவிட்டார்கள். ராமை மதர்போர்டோடு சேர்த்தே ஈயம் வைத்துவிடுவது இரண்டு வகையிலும் பரவிவிட்டது. அப்படி இருந்தால் பின்னால் 8ஐ 16 ஆக்க முடியாது. வாங்கும்போதே "ராமுக்கு ஸ்லாட் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் 16 ஜிபி போட்டதாகவே வாங்குங்கள்.

கீபோர்டில் எதுவும் சிந்தினால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைத்து, கொண்டுவாருங்கள். அரிசிப் பானைக்குள் போட வேண்டாம். உமித்தூள் ஃபேனுக்குள் போய், அது எனக்கு இன்னொரு வேலை.

மேலூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிற ஒரு இடத்தில் ஆபீஸ் ரூமுக்குள்ளேயே மாவு மாதிரி கல்தூசி பறக்கும். அங்கிருந்து வருகிற லேப்டாப்பின் ஃபேனைத் திறந்தால் காற்று போகிற வழியில் வெள்ளையாகக் கம்பளம் விரித்திருக்கும். நூல் மில்லிலிருந்து வந்தால் பஞ்சு. வீட்டிலிருந்து வந்தால் பூனைமுடி, எறும்பு, ஒருமுறை பல்லி முட்டை. எந்த மாடலானாலும் வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆபீஸ் மாடலின் அடிமூடியில் ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும் அது மூடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே விழாது. ரொம்பச் சின்ன விஷயம்தான். என் கடைத் தரையில் வருஷக்கணக்காக ஸ்க்ரூ தேடியவளுக்கு அதைச் செய்தவன் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றும். அதைப் பிரிக்கிற விதத்தைப் படம் போட்டு, பக்கம் பக்கமாக எழுதி, அந்தக் கம்பெனிகள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. லேட்டிட்யூட்டுக்கும் திங்க்பேட்டுக்கும் எலைட்புக்குக்கும் அப்படிக் கிடைக்கும்.

வாரண்டியைப் பார்ப்போம். வீட்டு மாடலுக்கு வழக்கமாக ஒரு வருஷம். ஆபீஸ் மாடலுக்கு மூன்று வருஷம் போட்டு விற்பது வழக்கம். கேட்டால் நீட்டியும் தருவார்கள், காசு கட்ட வேண்டும். வருஷக் கணக்கைவிட முக்கியம், அது ஆன்சைட்டா என்பது. ஆன்சைட் என்றால் ஆள் உங்கள் இடத்துக்கு உதிரிபாகத்தோடு வருவார். இல்லையென்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்குப் பஸ், அங்கிருந்து ஆட்டோ, டோக்கன், "பார்ட் வரணும், பத்து நாள் ஆகும்". திரும்பவும் ஒரு நடை. ஆன்சைட் என்று எழுதியிருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் சட்டம் மாறிவிடும். கீழே விழுந்து உடைந்தால் சாதாரண வாரண்டி தாங்காது. அதற்குத் தனியாக விபத்துக் காப்பு என்று ஒன்று வாங்க வேண்டும்.

கடை, கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 60,000 ரூபாய் அடக்க விலை என்றால் வரி 10,800. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்து வரி கட்டுகிறவர், தொழிலுக்காக வாங்குகிறீர்கள் என்றால், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கினால் அந்த 10,800ஐ உங்கள் வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு மாடலுக்கும் ஆபீஸ் மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி சிலருக்கு இதிலேயே அடைந்துவிடும். மச்சினன் பேரில் பில் போட்டு வாங்கிவிட்டு அப்புறம் வந்து கேட்காதீர்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, எல்லாரும் ஆபீஸ் மாடல்தான் வாங்க வேண்டுமா என்றால், அதில் எனக்கு ஒரு சூடு விழுந்த கதை இருக்கிறது. செல்லூரில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிக்கு, உழைக்கும் என்று சொல்லி நானே ஒரு ஆபீஸ் மாடல் வாங்கிக் கொடுத்தேன். மறு மாதம் வந்து நின்றார். "அக்கா, இதுல எடிட் பண்ணி அனுப்புனா பார்ட்டி சண்டைக்கு வர்றாங்க." ஓட விட்டுக் காட்டினார். பொண்ணு அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை கட்டியிருக்கிறாள். இந்தத் திரையில் அது செங்கல் நிறத்தில் தெரிகிறது. இவர் அதைச் சரிசெய்வதாக நினைத்துச் சிவப்பை ஏற்றி அனுப்ப, அவர்கள் டிவியில் சேலை தீப்பிடித்தது மாதிரி தெரிந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. ஆபீஸ் மாடல்களில் கீழ்ப்படி வகைக்குப் போடுகிற திரை எழுத்துப் படிப்பதற்குத்தான் லாயக்கு. எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி என்று ஒரு அளவுகோல் உண்டு, அதில் 45 சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நிறங்களை அது முழுசாகக் காட்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 நிட்ஸ் வெளிச்சம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டும். 4கே வீடியோவை வெட்டி ஒட்டுவதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. அது சாதாரண ஆபீஸ் மாடலில் இருக்காது. பிராசஸர் பெயரின் கடைசியில் யு என்று இருந்தால் கரண்டைச் சிக்கனமாகத் தின்கிற வகை, எச் என்று இருந்தால் கூடத் தின்று கூட உழைக்கிற வகை. அவருக்கு எச் வேண்டியிருந்தது. ஒர்க்ஸ்டேஷன் என்று இதற்கென்றே ஆபீஸ் வகையில் உண்டு, விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். கடைசியில் கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்கென்று செய்த ஒரு வீட்டு மாடலுக்கு மாறினார். சிவப்பு விளக்கெல்லாம் எரிகிறது. வேலை சுத்தமாக நடக்கிறது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கும் நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர், வக்கீல்கள். உலகனேரியில் ஹைகோர்ட் கிளை 2004ல் வந்தது. அதற்குப் பிறகு என் கடைக்கு வருகிற கறுப்புக் கோட்டு அதிகம். இப்போது மனுவை ஆன்லைனிலேயே போடுகிறார்கள். நாள் முழுக்க டைப் அடிக்கிற கைக்குக் கீபோர்டுதான் எல்லாம். தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்கிற குமாஸ்தாக்கள் பட்டன் கொஞ்சம் இறங்கி எழும்ப வேண்டும் என்பார்கள், மேலே தட்டையாக இருந்தால் விரல் நுனி வலிக்கும். கண்ணாடி மாதிரி மின்னாத திரை வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கிற டியூப்லைட் அதில் தெரியக் கூடாது. கட்சிக்காரர் விவரமெல்லாம் அதில் இருப்பதால் திருடு போனாலும் படிக்க முடியாதபடி பூட்ட வேண்டும். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் அதைச் செய்யும். ஆனால் பூட்டும்போது 48 இலக்கத்தில் ஒரு ரெக்கவரி கீ வரும். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் முழிக்கிறார்கள். மதர்போர்டு மாற்றினால் அது கேட்கும். அது இல்லையென்றால் என்னாலும் முடியாது, செய்த கம்பெனியாலும் முடியாது. இன்றைக்கே பிரிண்ட் எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

ஆகவே வாங்க வருகிறவரிடம் நான் பட்ஜெட்டை இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, "ஒருநாள் இது ஓடலைன்னா உங்களுக்கு என்னாகும்?" என்பது. "அன்னைக்குச் சீரியல் பார்க்க மாட்டோம், அவ்வளவுதான்" என்றால் வீட்டு மாடல் போதும், மிச்சக் காசில் மிக்ஸி வாங்குங்கள். "அன்னைக்குக் கூலி போகும்" என்றால் ஆபீஸ் மாடல் பக்கம் நடங்கள்.

காசு பத்தவில்லையே என்கிறவர்களுக்குப் பழையது ஒரு வழி. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிடுகிற ஆபீஸ் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு வழியாக நம் ஊருக்கும் வருகின்றன. புது வீட்டு மாடலின் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். உடம்பு கெட்டி. ஆனால் கண் திறந்து வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் பிராசஸரில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. அதனால் 6, 7ஆம் தலைமுறைச் சரக்கு இப்போது மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. "ஐ7 மேடம், சல்லிசு" என்பார்கள். கோர் என்பது பிராசஸருக்குள் வேலை பார்க்கிற கை மாதிரி. 6ஆம் தலைமுறையின் யு வகை ஐ7க்கு 2 கோர். 8ஆம் தலைமுறையின் யு வகை ஐ5க்கு 4 கோர். ஐக்குப் பக்கத்து எண்ணை விட்டுவிட்டு அதற்கடுத்த எண்ணைப் படியுங்கள், தலைமுறையைச் சொல்வது அதுதான்.

பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸே ஒரு நிமிஷத்தில் கொடுக்கும். புதிதில் பிடித்த அளவான டிசைன் கெபாசிட்டி 50,000 என்றும், இப்போது பிடிக்கிற அளவான ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 30,000 என்றும் இருந்தால் 60 சதவீத உயிர்தான் மிச்சம். பேட்டரி மாற்றுகிற செலவை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். எஃப்2வோ எஃப்10ஓ அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன்னால் இருக்கிற பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அந்தப் பூட்டைத் திறப்பது என் மாதிரி ஆளுக்கே தலைவலி. கடைசியாக, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, நெட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனி பெயரைக் காட்டி 'உங்கள் ஆபீஸ் ஐடியைப் போடு' என்று கேட்டால், அந்த லேப்டாப்பைப் பழைய முதலாளி இன்னும் தன் கணக்கிலிருந்து விடுவிக்கவில்லை என்று அர்த்தம். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வாசல்படிக்கு உதவும். வெளிநாட்டுச் சரக்கில் கீபோர்டையும் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்ததில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். வேர்வைக் கைக்கு மூன்று மாதத்தில் ஸ்டிக்கர் கழன்று, ஜெர்மன் வெளியே வரும்.

உசிலம்பட்டிப் பெரியவருக்கு வருகிறேன். மகள் பி.காம். இரண்டாம் வருஷம். கணக்கு எழுதுகிற டேலி பழக வேண்டும், பிராஜெக்ட் அடிக்க வேண்டும், ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். 11ஆம் தலைமுறை ஐ5 போட்ட பழைய ஆபீஸ் மாடல் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மூடியில் முந்தைய கம்பெனி ஒட்டியிருந்த சொத்து எண் ஸ்டிக்கரின் தடம் அப்படியே இருந்தது. மகளுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் வெள்ளியும் நீலமுமாக வைத்திருக்கும்போது இது கறுப்புச் செங்கல் மாதிரி இருக்கிறதே என்று. திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலைக்கா" என்றாள்.

வாயைப் பிளந்த பழையதை என்ன செய்வது என்று பெரியவர் கேட்டார். அந்த மாடலுக்கு ஏ பேனலும் பி பேனலும் தேடினேன், வரத்து இல்லை. உடைந்த தூணில் ஆப்பசோடாவைத் தூவி, பெவிகுவிக்கை விட்டு, பித்தளை வளையத்தைத் திரும்ப நட்டு, ஹிஞ்சின் இறுக்கத்தையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டேன். எங்கள் தொழிலில் இது வைத்தியம் இல்லை, கைவைத்தியம். "அய்யா, இதைத் திறந்தபடியே ஒரு இடத்துல வச்சிடுங்க. மூடக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது பார்த்தேன். அவருடைய அண்ணன் மகன் நடத்துகிற பால் கொள்முதல் கூடத்தில், மேசையின் மேல், வாசலைப் பார்த்தபடி அது விரியத் திறந்து கிடக்கிறது. காலையில் பால் அளக்க அளக்க அதில்தான் லிட்டர் கணக்கு ஏறுகிறது. தூசி விழாமல் இருக்க ராத்திரியில் அதே ஈரிழைத் துண்டைப் போர்த்துகிறார்களாம். மேல்விளிம்பில் நீல மசியால் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'மூடாதே'.

வணக்கம்.